கால் பிரண்டால் கவனியாமல் விடலாமா?

கணவனை யுத்தத்தில் இழந்து, இரண்டு பிள்ளைகளுடன் கூலி வேலை செய்து வாழும் ஒரு சகோதரியைக் களப்பணியின்போது சந்தித்தேன். கிணற்றடிப் பாசியில் வழுக்கி அவரது கால் பிரண்டிருந்தது. "சுளுக்குத்தானே" என்று சுடவைத்த நல்லெண்ணெய் பூசி உருவிவிட்டு, மறுநாளே வெங்காயத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மூன்று வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. ஒரு நாள் கூலியை இழக்கப் பயந்தவர் இரண்டு மாதக் கூலியை இழந்தார்.

கணுக்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதோ கிழிவதோதான் சுளுக்கு. பாதம் உட்புறமாகப் பிரள்வதால் பெரும்பாலும் வெளிப்பக்க நார்களே பாதிக்கப்படுகின்றன.

சுளுக்கா, முறிவா?

வீக்கத்தை மட்டும் பார்த்து இதனைச் சொல்ல முடியாது. கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதிகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் இருபுற எலும்பு மொழிகளின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது நோகிறதா? பாதத்தின் வெளியோர நடு எலும்பில் அல்லது உள்வளைவின் மேலுள்ள எலும்பில் நோகிறதா? நான்கு அடி நடக்க முடியவில்லையா? ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் எக்ஸ்ரே அவசியம். அரசாங்க வைத்தியசாலைகளில் இது இலவசம். பாதம் கோணியிருந்தால், குளிர்ந்து விறைத்தால் உடனே செல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்களும், ஷெல் காயத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் நோவு இல்லை என்று இருந்துவிடக் கூடாது.

முதல் மூன்று நாட்கள்

காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வையுங்கள். ஐஸ் இல்லாவிட்டால் குளிர்நீரில் நனைத்த துணி போதும். இழுபடும் பன்டேஜினால், விரல்கள் விறைக்காதபடி கட்டுங்கள். படுக்கும்போது காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். சுடு ஒத்தடம், எண்ணெய் பூசி உருவுதல் இரண்டும் இந்நாட்களில் வேண்டாம். அவை வீக்கத்தைக் கூட்டும்.

மீண்டும் பிரளாதிருக்க

முறிவு இல்லையெனில், நோவு தணியத் தொடங்கியதும் காலை அசைக்க வேண்டும். கதிரையில் இருந்து பெருவிரலால் காற்றில் "அ, ஆ, இ" என எழுதிப் பழகுங்கள். பின்னர் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில்லுங்கள். ஒருமுறை சுளுக்கிய கால் எளிதில் மீண்டும் சுளுக்கும். அதைத் தடுப்பது இப்பயிற்சியே. தேய்ந்த செருப்பைத் தவிர்த்து, பின்வார் உள்ளதை அணியுங்கள். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள்.

சகோதரிகளே, பிள்ளைக்குக் கால் பிரண்டால் வைத்தியசாலைக்கு ஓடுகிறோம். எமது காலுக்கும் அந்த அக்கறை வேண்டும். வீட்டையே தாங்கி நிற்பது அந்தக் கால்தானே!