காய்தானே என்று கணக்கில்லாமல் சாப்பிடலாமா?



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா வருத்தப்பட்டுச் சொன்னார்: "டீக்குச் சர்க்கரையை விட்டு ஆறு மாசம் ஆச்சு. சோத்தையும் பாதியாக் குறைச்சிட்டேன். ஆனா சுகர் மட்டும் இறங்க மாட்டேங்குது!"

"தொட்டுக்க என்ன வெச்சுக்கறீங்க?" என்று கேட்டோம்.

"பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் அவிச்ச மரவள்ளி. காய்தானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்" என்றார்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. நாம் சாப்பிடும் மாவுச்சத்து வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அது சோற்றிலிருந்து வந்தாலும் கிழங்கிலிருந்து வந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான். சோற்றோடு கிழங்கு வறுவல் வைத்தால், சோற்றுக்குச் சோறே தொட்டுக்கொண்ட கதைதான்!

எந்தக் காயில் எவ்வளவு?

100 கிராம் பச்சைக் காயில் உள்ள மாவுச்சத்து, சுமாராக:

* வெள்ளரி, சுரை, புடலை, பீர்க்கை, தக்காளி, முள்ளங்கி: 2 முதல் 4 கிராம்
* கத்தரி, பாகல், முட்டைகோஸ், வெண்டை, அவரை: 4 முதல் 7 கிராம்
* கேரட், பீட்ரூட், வெங்காயம்: 9 முதல் 11 கிராம்
* வாழைக்காய், பச்சைப் பட்டாணி: 14 கிராமுக்குக் குறையாது
* உருளை, சேனை: 17 முதல் 22 கிராம்
* சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி: 20 கிராமுக்கு மேல்
* மரவள்ளி: 30 கிராமுக்கு மேல்

ஒரு கிலோ சுரைக்காயில் உள்ள மாவுச்சத்து 100 கிராம் மரவள்ளியிலேயே வந்துவிடுகிறது, பாருங்கள்!

ஞாபகம் வைக்க ஒரு சுலப வழி: மண்ணுக்கு மேலே காய்ப்பதில் குறைவு, மண்ணுக்கு அடியில் விளைவதில் அதிகம். முள்ளங்கி அடியில் விளைந்தாலும் நல்லது. வாழைக்காயும் பட்டாணியும் மேலே காய்த்தாலும் அளவோடுதான்.

தட்டில் எப்படி வைப்பது?

தட்டில் பாதி இடம் நீர்க்காய், கீரை, அவரை போன்றவை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். கிழங்கு சமைத்த அன்று சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் வீட்டில் நடப்பது என்ன? எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நாம் கடைசியாக உட்காரும்போது பொரியல் சட்டி காலி. வெறும் சோறும் குழம்பும்தான் மிச்சம். நமக்குச் சர்க்கரை ஏற இதுவும் ஒரு காரணம். சட்டியை இறக்கியதுமே உங்கள் பங்குக் காயை ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வையுங்கள். இதில் வெட்கம் வேண்டாம்.

காய் விலை ஏறிப்போச்சே என்கிறீர்களா? கொல்லையில் நாலு சுரை விதை, நாலு அவரை விதை ஊன்றிப் பந்தல் போட்டால் வீட்டுக்கும் ஆகும், குழுவில் பகிர்ந்துகொள்ளவும் ஆகும்.

கவனம் தேவை

சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுகிறவர்கள் திடீரென்று சோற்றை ரொம்பக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரையோ செவிலியரையோ கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரக நோய் உள்ளவர்களும் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். வளரும் பிள்ளைகளுக்கும் வெயிலில் உழைப்பவர்களுக்கும் கிழங்கு நல்ல உணவுதான். அதை ஒதுக்க வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கோடு இதையும் பேசுங்கள்: "இந்த வாரம் உன் தட்டில் என்ன காய்?"