மூன்று காலத்திலும் மாறாத ஆங்கில வினைச்சொற்கள்

தமிழில் வினைச்சொல்லைக் கேட்டவுடனேயே காலம் தெரிந்துவிடும். வெட்டினேன், வெட்டுகிறேன், வெட்டுவேன் என்று சொல்லுக்குள்ளேயே காலம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் பெரும்பாலான வினைகள் இறந்தகாலத்தில் ஒரு விகுதி பெறுகின்றன. 'வோக்' (நட) என்பது 'வோக்ட்' ஆகிறது. ஆனால் சில வினைகள் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே நிற்கும்.

அவற்றுள் அடிக்கடி தேவைப்படுபவை: கட் (வெட்டு), புட் (வை), ஷட் (மூடு), ஹிட் (அடி), லெட் (விடு), ஹேர்ட் (காயப்படுத்து, நோ), கொஸ்ட் (விலையாகு), ஸ்ப்ரெட் (பரவு), பேர்ஸ்ட் (வெடி). இவற்றுக்கு 'கட்டெட்', 'ஹேர்ட்டெட்' என்று இறந்தகாலம் எழுதுவது பிழை.

இவை யாவும் ஆங்கிலத்தில் 'ரி' அல்லது 'டி' எழுத்தில் முடிகின்றன. காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. அக்காலத்தில் 'செட்' போன்ற வினைகளுக்கும் இறந்தகால விகுதி இருந்தது. வினையின் இறுதி ஒலியும் விகுதியின் ஒலியும் ஒன்றாகக் கலந்தன. கடைசியில் நின்ற உயிரொலியும் காலப்போக்கில் தேய்ந்து மறைய, இரண்டு காலத்துக்கும் ஒரே வடிவம் மிஞ்சியது. ஆனாலும் இந்த எழுத்துகளில் முடியும் எல்லா வினைகளும் இப்படியல்ல. 'வோன்ட்' (விரும்பு) என்பது 'வோன்டெட்' என்று மாறும்.

அப்படியானால் காலத்தை எப்படி அறிவது? 'ஹீ ஹிட்ஸ் மீ' என்றால் அவன் அடிக்கிறான். 'ஹீ ஹிட் மீ' என்றால் அடித்தான். நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்ற எழுவாய்களுடன் 'எஸ்' எழுத்துச் சேரும். இறந்தகாலத்தில் சேராது. ஆனால் 'தே ஹிட் மீ' என்ற வசனத்தில் இந்த அடையாளமும் இல்லை. அடித்தார்கள் என்றும் கொள்ளலாம், வழக்கமாக அடிக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். ஆண்டு, மாதம் அல்லது 'நேற்று' போன்ற காலச்சொல் ஒன்றைச் சேர்த்தால் மட்டுமே குழப்பம் தீரும்.

புகலிடக் கோரிக்கை, முறைப்பாடு, வைத்தியருக்கான கடிதம் என்று ஆங்கிலத்தில் எழுதவேண்டிய நிலையில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். 2009இல் எறிகணைச் சிதறல் பட்ட கால் இன்றும் நோகிறது என்றால் 'மை லெக் ஹேர்ட்ஸ்' என்று எழுதவேண்டும். கடைசி 'எஸ்' விடுபட்டால், கால் அன்று நொந்தது என்று மட்டுமே பொருள்படும். இன்றைய வலி அந்தக் கடிதத்தில் இல்லாமற் போய்விடும்.

'வாசி' எனப் பொருள்படும் வினையையும் கவனியுங்கள். எழுத்தில் அது மாறாது. உச்சரிப்பு மட்டும் 'ரீட்' என்பதிலிருந்து 'ரெட்' என்று மாறும்.

ஆகவே, வேறொருவர் உங்களுக்காக எழுதிய வாக்குமூலமாக இருந்தாலும், கையெழுத்திடுமுன் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். இத்தகைய வினை வரும் இடமெல்லாம் 'இது எப்போது நடந்தது?' என்று கேளுங்கள். விடை வசனத்தில் இல்லாவிட்டால் திகதியையும் எழுதச் சொல்லுங்கள்.