வேருக்குள்ளே வில்லன்!

வத்திராயிருப்பு பக்கம் போயிருக்கீங்களா? மேலே மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு, அடிவாரத்துல தென்னந்தோப்பு. இந்தக் காட்டு மரம், தோப்பு மரம்ங்கிற வித்தியாசமே பார்க்காத வில்லன் ஒருத்தன் இருக்கான். பேரு கேனோடெர்மா. வேரை அழுக வைக்கிற பூஞ்சை. வேர் வழியாவே பக்கத்து மரத்துக்கும் தாவிடுவான். 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சாவூர்த் தென்னைகளை ஒரு வழி பண்ணினதால 'தஞ்சாவூர் வாடல்'னு பட்டப்பேர் வேற!

அடிமரத்துல செம்பழுப்பா சாறு வடிஞ்சா, உள்ளே பாதி ஆட்டம் முடிஞ்சிருக்கும். அதனால முன்கூட்டியே வைத்தியம் பார்க்கணும். மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு வைக்கச் சொல்றாங்க கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல. கூடவே டிரைக்கோடெர்மாங்கிற நல்ல பூஞ்சை. புண்ணாக்குல அது பெருகி, வில்லன் மேலேயே படர்ந்து மேய்ஞ்சிடும். நோய் வந்த மரத்துத் தண்ணியை மட்டும் அடுத்த மரத்துக்குப் பாய விட்டுடாதீங்க.

காட்டுல மரத்துக்கு மரம் புண்ணாக்கு கொட்ட முடியாதுதான். ஆனா, நடப்போற கன்றுகளோட நாற்றங்கால் மண்ணுல கலக்கலாமே!

வேப்ப எண்ணெய் பூஞ்சையை அடக்கும்ங்கிறதுக்கு அமெரிக்காவோட டபிள்யூ.ஆர்.கிரேஸ் கம்பெனி 1994-ல ஐரோப்பிய காப்புரிமையே வாங்கிச்சு. நம்ம பாட்டிகளுக்குத் தெரியாததா பாஸ்? இந்தியாவுல இருந்து போய் வழக்காடினாங்க. 2000-ல ரத்து. 2005-ல அப்பீலும் அவுட்!