உஷார்! கடக்வாஸ்லாவில் ‘செமி ஆட்டோ’ விலை பேசுகிறீர்களா?

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையா? கொடுக்காதீர்கள். கொடுத்தாயிற்று என்றால், போன பணம் போகட்டும். சாமானை மட்டும் கையில் வாங்கிவிடாதீர்கள். விளக்கமெல்லாம் அப்புறம்.

“முதல்முதலாக வாங்கத் தோதான செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் எது?” என்று அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் கேட்கும் பையன்கள் பெருகிவிட்டார்கள். அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. ஏஆர்-15 சாயலில் வரும் மலிவு மாடல்கள், ரூகர் 10/22 மாதிரியான .22 ரகங்கள், எதில் ட்ரிகர் லேசு, எதில் மேகசின் சிக்காது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பிப்பதில் தப்பில்லை, அங்கே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. புனேயை ஒட்டிய கடக்வாஸ்லாவில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இந்தத் துப்பாக்கி 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் எந்த வகையில் வருகிறது? அது தெரியாமல் பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த ஊருக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. 1955-இல் முறைப்படி தொடங்கப்பட்ட தேசிய பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) இங்கேதான். பக்கத்து கிரிநகரில் டி.ஐ.ஏ.டி. என்ற பாதுகாப்புத் தொழில்நுட்பக் கல்வி நிலையம்; ஒரு காலத்தில் ஆயுதத் தொழில்நுட்பக் கழகம் என்றே அதற்குப் பெயர். பாஷாணில் இன்சாஸ் ரைஃபிளை வடிவமைத்த ஏ.ஆர்.டி.இ. ஆய்வகம். கட்கியில் 1869-இல் தொடங்கிய தோட்டா தொழிற்சாலை. அணைக்கரையில் சுட்ட சோளமும் காந்தா பஜ்ஜியும் தின்ன வரும் கூட்டத்தில் சீருடைக்காரர், ஓய்வுபெற்றவர், அவர்கள் வீட்டுப் பிள்ளை என்று யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள். துப்பாக்கிப் பேச்சு இங்கே யாருக்கும் வித்தியாசமாகப் படாது. புரோக்கருக்கு அதுதான் மூலதனம். “கர்னல் சாரோட சொந்த ரைஃபிள் தம்பி, டிரான்ஸ்ஃபர் வந்துடுச்சு, அவசரமா குடுக்கறார்” என்று ஒரு வரி போதும்.

ராணுவ அடையாள அட்டைப் படத்தை அனுப்பிவிட்டு, இல்லாத காரையும் பைக்கையும் விற்று அட்வான்ஸ் கறக்கும் கும்பல்கள் நாடு முழுக்கப் பிரசித்தம். அதே நாடகத்தில் பைக்குக்குப் பதிலாக ரைஃபிள். பைக்கில் ஏமாந்தவர் போலீஸிடம் போவார். ரைஃபிளில் ஏமாந்தவர் போக மாட்டார், தானே லைசென்ஸ் இல்லாமல் வாங்கப் போனவர் என்பதால். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிடத் தோதான சரக்கு ஏது?

சரி, கர்னல் நிஜமான கர்னல்தான் என்றே வைத்துக்கொள்வோம். ராணுவக் கிடங்கிலிருந்து அதிகாரிகள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் துப்பாக்கி வாங்க அனுமதி உண்டு. அப்படி வாங்கியவை விதிகளை மீறி வெளியாட்களுக்கு விற்கப்பட்ட விவகாரம் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகரில் வெடித்து, உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்பவர் தோளில் எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் வாங்குபவரின் குற்றம் குறைவதில்லை.

இனி சட்டம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ட்ரிகரை அழுத்திப் பிடித்தால் மேகசின் காலியாகும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம்; அட்டவணையில் முதல் வகை. அது பலருக்கும் தெரியும். “நான் வாங்குவது ஆட்டோமேட்டிக் இல்லையே, ஒரு அழுத்தலுக்கு ஒரு தோட்டாதானே” என்று ஆறுதல்பட்டுக்கொள்வதும் அதனால்தான். ஆனால் செமி ஆட்டோமேட்டிக்கும் அதே முதல் வகையில்தான், ஒரு படி கீழே, கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதமாக உட்கார்ந்திருக்கிறது. .303, 7.62 மி.மீ. போன்ற ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள் என்றால், கையால் போல்ட் இழுக்கிற ரகமும் அங்கேதான். முதல் வகைக்கு லைசென்ஸ் தருவது உங்கள் ஊர் ஆட்சியரோ கமிஷனரோ அல்ல, டெல்லியில் உள்துறை அமைச்சகம். பொழுதுபோக்குக்கு என்று எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே ராணுவத் தோட்டா பொதுஜனம் கைக்குப் போகக் கூடாது என்று வைத்துவிட்டான். நம் அரசுத் தொழிற்சாலைகள் செய்யும் ‘ஸ்போர்ட்டிங்’ ரைஃபிள் .315 என்ற விநோத அளவில் இருப்பதும் அந்த வழக்கத்தின் மிச்சம்தான். அதுவும் போல்ட் ஆக்‌ஷன். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும்.

விவரமான புரோக்கர் இந்த இடத்தில் சிரிப்பார். “சார், செமி ஆட்டோவில் மூன்றாம் வகையில் சேர்ந்தது தவிர மற்றதுதான் முதல் வகை. குறைந்த வேக .22 ரிம்ஃபயர் ரைஃபிள் மூன்றாம் வகை. நான் தர்றது .22!” அவர் சொல்லும் வாசகம் அட்டவணையில் உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. மூன்றாம் வகை என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் தருகிற அதிகாரி மாறுகிறார், அவ்வளவுதான். கமிஷனரேட் எல்லை என்றால் போலீஸ் கமிஷனர், கிராமப்புறம் என்றால் மாவட்ட ஆட்சியர். கடக்வாஸ்லா 2021-இல்தான் புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. உங்கள் வீடு எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லையில் வருகிறது என்பதை அங்கேயே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய ஞாபகத்தில் மனு எழுதாதீர்கள். உங்களுக்குக் காட்டப்படும் குறிப்பிட்ட மாடல் எந்த வகை என்பதற்கு அந்த அதிகாரியின் எழுத்துமூலப் பதில்தான் செல்லும். புரோக்கரின் வாய்ச்சொல்லோ இந்தக் கட்டுரையோ செல்லாது.

.22-ஐத் தனியாகப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பிறகு 1988-இல் பிரிட்டன் செமி ஆட்டோ ரைஃபிள்களைத் தடை செய்தபோது .22 ரிம்ஃபயரை மட்டும் விட்டுவைத்தது. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்தும் கிட்டத்தட்ட அப்படியே செய்தது. ஆனால் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேரைப் பறிகொடுத்த ஆஸ்திரேலியா, சாதாரண ஆட்களுக்கு செமி ஆட்டோ .22-வும் கிடையாது என்று இறுக்கிவிட்டது. சிட்னி சித்தப்பாவும் டெக்சாஸ் மாமாவும் ஒரே துப்பாக்கியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வது இதனால்தான். இருவர் பேச்சும் புனேக்கு உதவாது. மாமா “ஒரு பார்ட் வாங்கி அனுப்பறேன்” என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரி பாகமும் துப்பாக்கிதான். சைலன்சர் மட்டும் தனியாக வந்தாலும் அதுவும் துப்பாக்கிதான்.

லைசென்ஸ் முறையாகக் கையில் இருக்கிறது, லைசென்ஸ் பெற்ற டீலரிடம்தான் வாங்குகிறீர்கள் என்றால், அப்போது துப்பாக்கியைப் பார்க்கலாம். முதலில் எண்ணைப் பாருங்கள். உடம்பில் அடித்திருக்கும் சீரியல் எண்ணும் காகிதத்தில் உள்ளதும் ஒன்றா, அராவிய தடமோ மேலே மறுபடி குத்திய தடமோ தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடுத்தது, பழைய செமி ஆட்டோவில் நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம். ட்ரிகருக்கு உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சிறு கொண்டி தேய்ந்திருந்தால், ஒரு அழுத்தலுக்கு இரண்டு மூன்று குண்டு பாயும். அடிக்கும் ஊசி அழுக்கில் சிக்கி முன்னாலேயே நின்றுவிட்டால், போல்ட் மூடியவுடனே, ட்ரிகரைத் தொடாமலே வெடிக்கும். இது உயிர் போகிற பழுது. சட்டப்படியும் விபரீதம்: நீங்கள் பழுது என்பீர்கள், ‘தொடர்ந்து சுடும்படி மாற்றியமைத்தது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும், தடய அறிவியல் கூடத்தின் அறிக்கை வரும்வரை நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, 14 ஆண்டு வரை போகலாம். லைசென்ஸ் பெற்ற ஆர்மரர் பிரித்துப் பார்த்துச் சொல்லாமல் பழைய செமி ஆட்டோவைத் தொடாதீர்கள். இன்னொரு தொல்லை: செமி ஆட்டோ .22 ரகங்களில் பல, வேகமான தோட்டாவின் உதையில் இயங்கும்படி செய்தவை. கிளப்பில் கிடைக்கும் மெதுவான பந்தயத் தோட்டாவைப் போட்டால் போல்ட் முழுதாகப் பின்னால் போகாது, ஓடு பாதியில் மாட்டிக்கொள்ளும். அதை விரலால் நோண்டி எடுக்கும்போதுதான் விபத்து.

காகிதத்துக்கு வருகிறேன். “லைசென்ஸும் நாங்களே எடுத்துத் தர்றோம்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஜம்மு காஷ்மீரில் 2012-இலிருந்து 2016 வரை வழங்கப்பட்ட 2.78 லட்சம் லைசென்ஸ்களைப் பற்றி சி.பி.ஐ. விசாரணை நடத்தியது. கிளறிவிட்டது ராஜஸ்தான் போலீஸ். அந்த ஊர்ப் பக்கமே போகாதவர்கள் பெயரிலெல்லாம் லைசென்ஸ் போயிருந்ததாகக் குற்றச்சாட்டு. இது எங்கோ வடக்கே நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2024 இறுதியில் பக்கத்து அஹில்யாநகர் மாவட்டத்தில், போலி லைசென்ஸோடு 12 போர் துப்பாக்கி வைத்திருந்த காவலாளிகள் பிடிபட்டார்கள். முறையான லைசென்ஸ் என்றால் தேசியத் தரவுத்தளத்தில் ஏறிய தனி அடையாள எண் இருக்கும். அதை வழங்கிய அலுவலகத்திலேயே விசாரியுங்கள். காகிதமே வேண்டாம் என்கிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மத்தியப் பிரதேசம் பட்வானி மாவட்டத்து உமர்ட்டி கிராமத்துக் கள்ளத் துப்பாக்கிப் பட்டறைச் சரக்கு புனே வரை வந்து சேர்கிறது. 2025 நவம்பரில் புனே போலீஸ் அங்கேயே போய் உலைகளை உடைத்தது.

பெற்றோர்கள் கவனத்துக்கு ஒன்று. என்.டி.ஏ. கனவோடு சின்ஹகட் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பையனுக்கு வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில். 21 வயது ஆகாதவருக்கு லைசென்ஸே கிடையாது; கிளப் பயிற்சிக்கு மட்டும் நிபந்தனைகளோடு வழி உண்டு. லைசென்ஸ் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தாலே இப்போது 2 முதல் 5 ஆண்டு. வழக்கு பதிவாகிவிட்டால் போலீஸ் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும். சேரத் துடித்த படையின் கதவை அவனே சாத்திக்கொள்கிறான். “ஏர் கன் தானே அம்மா” என்றாலும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 4.5 மி.மீ.-க்கு மேற்படாத துளை, 20 ஜூலுக்கு மேற்படாத சக்தி என்றால்தான் லைசென்ஸ் விலக்கு. 5.5 மி.மீ. என்று போட்டிருந்தால் லைசென்ஸ் சாமான். அகாடமி காட்டில் மயில் திரிகிறது. ஏர் கன்னிலிருந்து ஒரு பெல்லட் அதன் மேல் பட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தனியாகப் பாயும்.

விளையாட்டுதான் ஆசை என்றால் செமி ஆட்டோ ரைஃபிள் எதற்கு என்பதே எனக்குப் புரியவில்லை. புனே பாலேவாடியில் பயிற்சி எடுத்த ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைஃபிளில், ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத்தின் முதலிடம் வரை போனது ஏர் ரைஃபிளில், ஒவ்வொரு பெல்லட்டாக வைத்து. பாலேவாடி ரேஞ்சுக்குப் போங்கள், அங்குள்ள கிளப்பில் சேருங்கள், அவர்கள் துப்பாக்கியிலேயே பழகுங்கள். சொந்தமாக வாங்க வேண்டுமா என்பது அதற்கப்புறம்தான்.

ஏற்கனவே வாங்கிவிட்டவருக்கும், செத்துப்போன தாத்தாவின் துப்பாக்கி இன்னும் பரணில் இருப்பவருக்கும்: திருப்பிக் கொடுக்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள், எடுத்துச் செல்வதும் தனிக் குற்றமாகும். ஆற்றில் எறியாதீர்கள். வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள். சாமான் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அறையைப் பூட்டுங்கள், ஒரு வக்கீலைக் கூப்பிடுங்கள், அவர் மூலம் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இன்றைக்கே.