வலிக்கு முன்பே பல் மருத்துவரிடம்

காவிரியின் தென்கரையில் அமைந்த குத்தாலத்திலும் அதைச் சூழ்ந்த நெல் விளையும் ஊர்களிலும், சிறு குழந்தை பல் மருத்துவரிடம் முதன்முதலாக அழைத்துச் செல்லப்படுவது பெரும்பாலும் கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுது, கிராம்பும் உப்பு நீரும் பயன்படாமற்போன பிறகுதான். நடவோ அறுப்போ நடக்கும் நாட்களில் ஒரு நாள் கூலியை இழந்து மயிலாடுதுறைக்கோ கும்பகோணத்துக்கோ பேருந்து ஏற வேண்டிய குடும்பம், ‘விழுந்து முளைக்கிற பல்தானே’ என்று தள்ளிப்போடுவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் தூக்கமும் உணவும் இழந்த நிலையில், முன்பின் அறியாத ஒருவர்முன் வீங்கிய வாயைத் திறக்க நேரும் குழந்தைக்குப் பல் மருத்துவமும் வலியும் ஒன்றாகவே பதிந்துவிடுகின்றன. அந்தப் பதிவைப் பின்னர் மாற்றுவது மருத்துவருக்கும் பெற்றோருக்கும் பெரும்பாடாகிறது.

அச்சம் மனிதருக்குள் புகும் வழிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன், 1977இல் மூன்று வழிகளைக் குறிப்பிட்டார்: தானே பட்ட துன்பம், பிறர் அஞ்சுவதைப் பார்த்தல், பிறர் சொல்லக் கேட்டல். இவற்றுள் பின்னிரண்டும் மருத்துவமனைக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன என்பதே பெற்றோர் உணர வேண்டிய முதல் செய்தி. சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம் ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று மிரட்டுவது நம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. ஒரு வேளைச் சோற்றை உள்ளே அனுப்ப அது உதவலாம், ஆனால் மருத்துவர் என்பவர் தண்டனை தருபவர் என்ற எண்ணத்தையும் அதே வாய்ச் சோற்றோடு ஊட்டிவிடுகிறது. அப்பாயியும் அத்தையும் பல் பிடுங்கிய கதையைக் கூடத்தில் விரித்துரைக்கும்போது, அருகில் விளையாடும் குழந்தை அதைக் கேட்காமல் இருப்பதில்லை. குழந்தையைத் தயார்செய்வது என்பது, ஆகவே, இந்தப் பேச்சுகளை நிறுத்துவதில்தான் தொடங்குகிறது.

பாற்பற்கள் விழுந்துவிடுபவைதான், எனினும் கடைவாய்ப் பாற்பற்கள் ஏறத்தாழ 10 முதல் 12 வயது வரை வாயில் இருந்து உணவை அரைக்கவும், அடியில் வளரும் நிலைப்பற்களுக்கு இடம் காத்து வைக்கவும் வேண்டியவை. சொத்தை என்பது பூச்சி அரிப்பதால் வருவதன்று. வாயில் வாழும் நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் மேலுறையாகிய எனாமலைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது. இனிப்புக் கலந்த பாற்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்களில் முதலில் வெண்மையான கோடுகளாகத் தோன்றும் இக்கேடு, அந்த நிலையிலேயே கண்டறியப்பட்டால் ஃப்ளோரைடு பூச்சு போன்ற வலியற்ற சிகிச்சையால் தடுத்து நிறுத்தத்தக்கது. முதல் பல் முளைத்த பின், ஒரு வயது நிறைவதற்குள் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று குழந்தைப் பல் மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. வலியில்லாத நாளில் செல்லும் குழந்தைக்கு அங்கே நடப்பது பற்களை எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

வீட்டில் செய்யத்தக்க ஒத்திகை எளிது. அதற்குப் பொம்மையும் டார்ச் விளக்கும் ஒரு சிறு கரண்டியும் போதும். குழந்தையை மடியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணிய பின், குழந்தையே மருத்துவராகிப் பொம்மைக்கும் அம்மாவுக்கும் பல் பார்க்கட்டும். மூன்று, நான்கு வயதினரிடம் போகும் நாளன்றோ முதல் நாள் மாலையோ சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொல்வது அச்சத்துக்கு ஒரு வார காலம் இடம் கொடுப்பதாகும். ‘வலிக்கவே வலிக்காது’ என்ற உறுதிமொழி நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும், குழந்தையின் காதில் தங்குவது வலி என்ற சொல்தான். தவிர, மருத்துவர் என்ன செய்யப்போகிறார் என்பது பெற்றோருக்கும் தெரியாது. கடைத்தெருவுக்குப் போவதாகப் பொய் சொல்லி அழைத்துச் செல்வது இதனினும் தீங்கானது. அழாவிட்டால் மிட்டாய் என்ற பேரமோ, அழத்தக்க ஏதோ ஒன்று அங்கே காத்திருக்கிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுகிறது.

மருத்துவமனையில் ‘சொல், காட்டு, செய்’ என்ற முறை கையாளப்படுகிறது. 1959இல் ஆடல்ஸ்டன் என்பவர் வகுத்துரைத்த இம்முறையில், செய்யப்போவதை மருத்துவர் குழந்தையின் மொழியில் சொல்லி, கருவியை அதன் விரல் நகத்தின்மேல் ஓடவிட்டுக் காட்டி, அதன் பின்னரே வாயில் பயன்படுத்துகிறார். அச்சமயத்தில் பெற்றோர் குறுக்கிட்டுத் தாமும் விளக்கத் தொடங்கினால் குழந்தை யார் குரலைக் கேட்பது என்று திகைக்கும். கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பதே அவர்கள் செய்யும் பேருதவி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தனியாக நாற்காலியில் படுக்கவைக்க வேண்டியதில்லை. தாயும் மருத்துவரும் முழங்காலோடு முழங்கால் தொட எதிரெதிரே அமர்ந்து, குழந்தையின் முகம் தாயை நோக்கியிருக்க, தலை மருத்துவர் மடியில் சாய்ந்திருக்கப் பார்த்துவிடலாம். அந்த வயதில் அழுகை இயல்பானது. அதற்காகத் தாய் கூச்சப்படவோ குழந்தையை அதட்டவோ தேவையில்லை.

செலவைக் கருதித் தயங்கும் குடும்பங்களுக்கும் வழியுண்டு. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரு முறை வந்து பல் சொத்தை உட்படப் பல குறைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று குழந்தையைத் தவறாமல் அனுப்ப வேண்டும். குழந்தைகளுக்கான தனிப் பிரிவு தேவைப்படுமானால், ராஜா முத்தையா பெயரில் 1980இல் தொடங்கப்பெற்ற சிதம்பரம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மயிலாடுதுறைக்கு வடக்கே எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. காலை உணவுக்குப் பின், தூக்கம் கலைந்து தெளிந்த நேரத்தில் சென்றால் ஒத்துழைப்பு கூடும்.

இவ்வாறு பழகிய குழந்தையால் பெறத்தக்க பயன் ஆறாவது வயதில் வெளிப்படையாகத் தெரியும். அப்போது கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. முன்பல் விழுந்தால் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து கொண்டாடும் வீட்டாரும் இதன் வருகையை அறிவதில்லை, அறிந்தாலும் பாற்பல் என்றே எண்ணுகின்றனர். ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய இப்பல்லின் ஆழமான குழிவுகளில் சொத்தை எளிதில் பற்றுகிறது. அக்குழிவுகளை மெல்லிய பிசினால் அடைத்துக் காக்க ஊசியோ துளையிடலோ தேவையில்லை. குழந்தை சில நிமிடங்கள் அஞ்சாமல் வாயைத் திறந்திருந்தால் போதும்.