மூன்றாவது மோதல்

சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்ததும், எங்கே வலிக்கிறது என்பதோடு அவசர சிகிச்சை மருத்துவர் நிற்பதில்லை. வண்டி என்ன வேகத்தில் வந்தது, எதில் மோதியது, சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்றும் கேட்பார். உறவினர்களுக்குப் போலீஸ் விசாரணை போலத் தோன்றும். அவர் போடுவது இயற்பியல் கணக்கு.

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 கி.மீ. என்றால் 14 மீட்டர், நான்காவது மாடி. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது.

அந்த ஆற்றல் எவ்வளவு தூரத்துக்குள் தீர்கிறது என்பது அடுத்த கேள்வி. 60 கி.மீ. வேகத்தில் வரும் உடல் 60 செ.மீ. தூரத்தில் நின்றால், அதன் எடையைப் போல சுமார் 24 மடங்கு விசை அதன்மேல் விழும். 5 செ.மீ.க்குள் நின்றால் 280 மடங்கு. அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், 1954 டிசம்பர் 10 அன்று ராக்கெட் வண்டியில் தன்னையே கட்டிக்கொண்டு மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் போய், 1.4 விநாடியில் நின்றார். 46 மடங்கு விசையைத் தாங்கிப் பிழைத்தார். வார்கள் அவர் உடலை இறுக்கிப் பிடித்திருந்தன. கார் பெல்ட்டும், ஹெல்மெட்டுக்குள் நசுங்கும் தெர்மோகோலும் நமக்குத் தருவது அந்தச் சில சென்டிமீட்டர் அவகாசத்தைத்தான்.

ஒரு விபத்தில் மோதல்கள் மூன்று. வண்டி மரத்தில் மோதுகிறது. உடல் ஸ்டியரிங்கில் மோதுகிறது. உள்ளுறுப்புகள் உடலுக்குள்ளேயே மோதுகின்றன. மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவது இந்த மூன்றாவதை. நெஞ்சு நின்ற பிறகும் இதயமும் பெருந்தமனியின் வளைவும் முன்னோக்கிப் பாய்கின்றன. கீழிறங்கும் பகுதியோ முதுகெலும்போடு ஒட்டியிருக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் தமனி கிழிகிறது. முழுவதும் கிழிந்தால் பெரும்பாலும் அங்கேயே மரணம். வெளிச்சுவர் மட்டும் தாங்கி நின்றால், அவர் எழுந்து பேசவும்கூடும்; நெஞ்சில் ஒரு கீறலும் இருக்காது. மண்ணீரலும் கல்லீரலும் இப்படியே சத்தமில்லாமல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும்.

ஆகவே விபத்தைப் பார்த்தவர்கள் 108 ஊழியரிடம் கண்டதைச் சொல்லுங்கள்: எந்தப் பக்கம் இடி, ஸ்டியரிங் வளைந்திருந்ததா, வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டாரா, ஹெல்மெட் இருந்ததா. அடிபட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுந்து நின்றாலும், பலத்த மோதலென்றால் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.