இரைச்சலில் தெரியுமா ஆக்ரோஷம்?

ஒருவரை இன்னொருவர் அடிப்பதை ஆய்வுக்கூடத்தில் அனுமதிக்க முடியாது. ஆகவே மனிதரின் ஆக்ரோஷத்தை உளவியலாளர்கள் சுற்றுவழியில்தான் அளக்கிறார்கள். 1967-ல் ஸ்டூவர்ட் டெய்லர் உருவாக்கிய சோதனை அவற்றில் புகழ்பெற்றது. பொத்தானை முந்தி அழுத்துபவருக்கு வெற்றி, தோற்றவருக்குத் தண்டனை. அன்று அது மின்னதிர்ச்சி. பின்னாளில் ஹெட்போனில் காதைத் துளைக்கும் இரைச்சலாக மாறியது. எதிராளிக்கு எவ்வளவு சத்தம், எத்தனை நேரம் என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்வார். உண்மையில் எதிராளியே கிடையாது. யார் எந்தச் சுற்றில் தோற்பார் என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டது.

வீடியோ கேம்களின் தாக்கத்தை அளக்கவும் பயன்பட்ட இந்த இரைச்சல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வன்முறை வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கத் தடை விதித்த கலிஃபோர்னியா சட்டத்தை 2011-ல் ரத்து செய்த நீதிபதிகள், விளையாடி முடித்த சில நிமிடங்களுக்குக் கூடுதல் சத்தம் எழுப்புவதையெல்லாம் மிக அற்பமான விளைவு என்றார்கள்.

அடிப்படைச் சிக்கல் வேறொன்று. ஒரு ஆய்வுக்குழு முதல் சுற்றின் சத்தத்தை மட்டும் எடுக்கும். இன்னொன்று எல்லாச் சுற்றுகளின் சராசரியை. மற்றொன்று சத்தத்தை நேரத்தால் பெருக்கும். உளவியலாளர் மால்ட்டே எல்சனும் சகாக்களும் மூன்று ஆய்வுகளின் தரவுகளை இப்படிப் பல விதமாகக் கணக்கிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். ஒரே தரவு, கணக்கை மாற்றினால் ஆய்வின் கருதுகோளை ஆதரித்தது, கைவிட்டது, எதிர்க்கவும் செய்தது. பின்னர் எல்சன் தொகுத்த 130 ஆய்வுக் கட்டுரைகளில் 150-க்கும் மேற்பட்ட கணக்கீட்டு முறைகள் இருந்தன! முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுக்க இதைவிட வசதி வேண்டுமா? கணக்கிடும் முறையைத் தரவு சேகரிக்கும் முன்பே பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கணக்கு சரியானாலும், அளக்கப்படுவது ஆக்ரோஷம்தானா? சத்தத்தைக் கூட்டுபவர் எதிராளியின் கவனத்தைக் கலைத்து ஜெயிக்க நினைத்திருக்கலாம். 1999-ல் வந்த இன்னொரு சோதனையில், காரம் பிடிக்காதவர் என்று சொல்லப்பட்ட ஒருவருக்குப் பங்கேற்பவர் எவ்வளவு காரச் சாஸ் ஊற்றுகிறார் என்று எடை போட்டார்கள். தினமும் பச்சை மிளகாய் கடிப்பவர் ஊற்றும் அளவில் வன்மத்தைத் தேட முடியுமா?

ஒரு சோதனையை நம்ப, அதற்கு வெளியே நடந்ததோடு ஒப்பிட வேண்டும். ஆய்வாளர் டான் செரெக்கின் சோதனையில் ஒரு பொத்தான் பணமாகும் புள்ளியைச் சேர்க்கும். இன்னொன்று எதிராளியின் புள்ளியைப் பறிக்கும். பறித்தவருக்கு அது சேராது, அதனால் பேராசை என்று சொல்ல இடமில்லை. 1990-களில் பரோலில் வந்த ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். வன்முறைக் குற்றம் செய்தவர்கள், மற்ற குற்றங்களுக்காகச் சிறை சென்றவர்களைவிட அதிகமாகப் பறித்தார்கள்.